கூறு போட்ட மாத்திரை

என் அம்மாவின் கால் போகவிருந்தது. அதற்குக் காரணம் அம்மாவின் நல்ல குணம்தான் என்று அன்று நினைத்தேன். இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அம்மா வலங்கைமான் பக்கம் நடவுக்குப் போகிறவள். நான் இடஒதுக்கீட்டில் படித்து, தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எழுபதுகளின் கடைசி அது. அந்தக் குறுவையில் அம்மாவுக்குச் சேற்றுப்புண் வந்து, விரல் இடுக்கில் சீழ் வைத்துவிட்டது. டாக்டரிடம் எழுதி வாங்கி, ஏழு நாளைக்கான டெட்ராசைக்ளின் மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒரு வேளைகூட விடாதம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மா இரண்டு நாள் சாப்பிட்டாள். மிச்சத்தை வரப்பில் வைத்துக் கூறு போட்டுவிட்டாள். நடவு வரிசையில் எல்லாப் பெண்களுக்கும் காலில் புண்; ஆளுக்கு ஒன்றிரண்டு மாத்திரை கிடைத்தது. கூலிப் போராட்டத்தில் மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கி, இவர்களைப் பல வாரம் வேலையில்லாமல் போட்டபோது வந்த பழக்கம் அது. யாருக்கு எது கிடைத்தாலும், ஒரு படி நொய்யோ ஒரு கை நத்தையோ, கூறு போட்டுத்தான் தின்றார்கள். சங்கம் உடையாமல் நின்றது அதனால்தான். நானும் அந்தக் கூறில் வளர்ந்தவள். மாத்திரைக்கு மட்டும் வேறு சட்டம் என்று அவர்களிடம் யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

ஒரு மாதத்தில் அம்மாவின் பாதம் வீங்கிக் கறுத்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். "மருந்து கேக்கலைன்னா காலை எடுக்கணும்" என்றார் டாக்டர். சீழை நானே எடுத்து, அதிலிருந்த கிருமியை வளர்த்தேன். கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் தெரியும். மறுநாள் பார்த்தால் டெட்ராசைக்ளினுக்கு வளையம் இல்லை. அம்மா கண்ணால்கூடப் பார்த்திராத இரண்டு மருந்துகளுக்கும் இல்லை. ஒரே ஒரு ஊசி மருந்துக்கு மட்டும் இருந்தது.

"சாப்பிடாத மருந்து எப்படி சார் கேக்காமப் போகும்?" என்று பரிசோதனைக் கூடத்துப் பேராசிரியரிடம் கேட்டேன்.

"ஒரு கிருமி இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டு, மருந்தைத் தாங்குற ஜீனை நகலெடுத்துக் குடுத்துடும்மா. பல மருந்துக்கான ஜீன் ஒரே மூட்டையில இருக்கும். வாங்குறது வேற ஜாதிக் கிருமியா இருந்தாலும் குடுக்கும். அரைகுறையா மருந்து உள்ள போனா, மூட்டை வச்சிருக்கறது மட்டும் பிழைச்சுப் பெருகும்."

கோபம் தலைக்கேறி, நேராக வார்டுக்குப் போய் அம்மாவைத் திட்டித் தீர்த்தேன். அவர் சொன்னதையும் சொன்னேன். அம்மா சிரித்தாள்.

"ஜாதி பாக்காமக் குடுக்குதுங்களா? அப்ப அதுங்களுக்கும் சங்கம் இருக்குடி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊசி கேட்டது. ஒரு விரலோடு போயிற்று, கால் தப்பியது. வீக்கம் வடிந்த அன்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அம்மா அழவில்லை. நர்ஸ் கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கூறு போட முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"அவளுங்க கால்லயும் அந்த மூட்டை இருக்குமேடி. அவளுங்க சீழை எப்பப் பாக்கப் போற?"

அவள் கேட்கும்வரை அந்தப் பெண்களில் ஒருத்தியின் காலும் என் நினைவுக்கு வரவில்லை.