கடைசி பெஞ்சில் உட்கார்ந்த முதலாளி

அந்த இலவசப் பள்ளிக்கூடத்தைக் கட்டியவர் கார் விற்றவர் என்பதைக் கட்டடத்தைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். சாலையைப் பார்த்த பக்கம் முழுக்கத் திறக்க முடியாத கண்ணாடி. எங்கள் ஷோரூமைக் கட்டிய கான்ட்ராக்டரையேதான் என் அண்ணன் கூப்பிட்டார். பிள்ளைகள் படிப்பதை ஊரே பார்க்க வேண்டுமாம். யார் சொல்லிக் கேட்டார்?

ஷோரூமில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியையும் டெலிவரி கொடுக்குமுன் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். வாங்குகிறவர் முன்சீட்டைப் பார்த்துக்கொள்வார், பின்னால் உட்காரும் குழந்தைக்கு வெளியே தெரிகிறதா என்று நாம்தான் பார்க்கணும் என்பார். சாவிக்குக் கை நீட்டியபடி வாடிக்கையாளர் நிற்பார். இவர் உள்ளே குனிந்து நிமிர்ந்துகொண்டிருப்பார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன். அண்ணன் போய் நாலு வருஷமாகிறது. இப்போது அந்தக் காட்சிக்குத்தான் மனசு கிடந்து ஏங்குகிறது.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் காலை, அதே பழக்கத்தில் வகுப்பறையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கண்ணாடி வழியே வந்த வெயிலில் போர்டு பளபளத்தது. புதிதாகச் சேர்ந்த டீச்சர் எழுதிக் காட்டியதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. விழாவை அங்கேயே நிறுத்திவிட்டார். திரை போட்டுச் சமாளிக்கலாம் என்றேன். காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டார். கண்ணாடியை எடுத்துவிட்டு ஜன்னல் வைத்துச் சுவர் எழுப்ப வேண்டும். கையிலிருந்ததெல்லாம் ஏற்கெனவே கட்டடத்துக்குள் போயிருந்தது. மிச்சம் ஷோரூம் ஒன்றுதான். எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததால் என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருஷம் அங்கே கிரீஸும் கையுமாகக் கிடந்தவன் நான். ஏழாவதோடு நின்றுபோன மக்குக்கு வேறு போக்கிடம் எது என்று கத்தினேன். மக்கு என்பதுதான் வீட்டில் என் பெயர்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த பெஞ்சில் உட்காரவைத்தார்.

"என்னடா தெரியுது?"

"ஒண்ணும் தெரியலண்ணா. ஒரே வெளிச்சமா இருக்கு."

சொல்லி முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. சின்ன வயதில், ஜன்னலோரக் கடைசி பெஞ்சிலிருந்து வீட்டுக்கு வந்து இதே வார்த்தையைத்தான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறேன்.

"அப்பவும் நீ இதத்தான் சொன்ன. சாக்கு சொல்றான்னு நான்தான் முதல்ல சிரிச்சேன். மக்குன்னு பேர் வச்சதும் நான்தான்டா," என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது சோபா விற்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. பள்ளிக்கூடத்தின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. ஷோரூம் விற்ற பணத்தில் மீந்ததை வைத்துப் பிறகு அண்ணன் இன்னும் இரண்டு பள்ளிகள் கட்டினார்.

முதல் பள்ளியில் சுவர் எழும்பிய அன்று, பிள்ளைகள் வருமுன் என்னைத்தான் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார். டீச்சர் போர்டில் இரண்டு வரி எழுதினார். நான் எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி, முழுசாகப் படித்தேன். வாசலில் நின்ற அண்ணன், இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.