அக்கா கையால் மாற்றிய ஆயில்

எங்கள் அக்கா எங்களைப் பிரிந்து வருகிற புரட்டாசியில் ஓராண்டு நிறைகிறது. திதிப்படி ஒரு நாளும் தேதிப்படி ஒரு நாளுமாக வருவதால் அழைப்பில் இரண்டையும் போட்டிருக்கிறோம். வசதிப்பட்ட நாளில் வரலாம். அக்காவின் கோயில் காரியங்களைப் பற்றியும் கைப்பக்குவத்தைப் பற்றியும் இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் டிராக்டரைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் கடைசி ஆண்டில் அக்காவை வாட்டிய பெரிய கவலை நோய் அல்ல. தன் கையால் பராமரித்த அந்த டிராக்டரை விற்க வேண்டி வந்துவிடுமோ என்பதுதான்.

அக்கா பிறந்தது சுவாமிமலைக்கு அருகே காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில். பள்ளிச் சான்றிதழில் பிறந்த மாதம் ஜூன் என்று இருக்கிறது. அது தலைமையாசிரியர் போட்டது. அந்தக் காலத்தில் பாதி ஊருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். ஜாதகம் ஐப்பசி என்கிறது. அக்கா பிறந்தபோது வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் நின்றதாக அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஜூனில் எங்கள் பக்கம் அப்படித் தண்ணீர் நிற்க வழியில்லை. ஆகவே ஐப்பசியே சரி.

அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தார். அம்மா நோயில் விழுந்ததால் அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. பிறகு ஒரு தை மாதத்தில் நன்னிலம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனார். மகள் பிறந்த மறுவருடம் அத்தான் கப்பல் கட்டும் வேலைக்குச் சிங்கப்பூர் போனார். நிலம், மாடு, மாமியார், கைக்குழந்தை எல்லாம் அக்காவின் பொறுப்பாயின. உழவுக்கு ஆள் கிடைக்காமல் ஒரு சம்பா தப்பியபின், மாடுகளை விற்று வங்கிக் கடனோடு ஒரு நீல டிராக்டரை வாங்கினார். ஓட்டவும் அவரே கற்றுக்கொண்டார். சேலைக்கு மேல் அத்தானின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் சேற்றுழவு ஓட்டுவதை முதல் வருடம் ஊர் நின்று பார்த்தது. இரண்டாம் வருடம் அக்கம்பக்கத்து வீடுகள் தங்கள் வயலுக்கும் வரச் சொல்லிக் கேட்டன.

அப்போதெல்லாம் ஆயில் மாற்றக் கடைக்குத்தான் வண்டி போனது. நன்னிலம் சாலையில் தர்மராஜ் என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். ஒருமுறை ஆயுத பூஜை முடிந்த கையோடு வண்டி அங்கே போயிற்று. மாலையில் ஆயில் மாற்றியாயிற்று என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் ஏதோ விழுந்ததென்று வண்டிக்கு அடியில் குனிந்த அக்கா, பழைய ஆயிலை வடிக்கத் திறக்க வேண்டிய போல்ட்டைப் பார்த்தார். பூஜையன்று அதன் தலையில் அவர் வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் கலையாமல் இருந்தன.

அப்படியே வண்டியைத் திருப்பிப் பட்டறை வாசலில் நிறுத்தினார்.

"தம்பி, போல்ட்டுல நான் வச்ச சந்தனம் அப்படியே இருக்கு. உங்க ஆளு எந்த வழியா ஆயிலை எடுத்தாரு? ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாரா?"

"மாத்தியாச்சுக்கா. எங்க ஆளு பொய் சொல்ல மாட்டான்."

"நீ குனிஞ்சு பாரு."

தர்மராஜ் குனியவில்லை. "இப்ப கூட்டமா இருக்கு, நாளைக்கு வாங்கக்கா" என்றார். அக்கா நாளைக்கும் போகவில்லை, அதற்குப் பிறகும் போகவில்லை. இதை ஊர் முழுக்கச் சொல்லாமலும் இருக்கவில்லை.

வண்டியோடு கொடுத்த கையேட்டைப் படித்துத் தானே மாற்றத் தொடங்கினார். முதல் முறை ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டெல்லாம் தோல் உரிந்தது. போல்ட் கழன்ற வேகத்தில் சூடான கறுப்பு ஆயில் முழங்கைவரை வழிந்தது. அதைப் பிடிக்க அவசரத்தில் அவர் எடுத்து வைத்திருந்தது மாமியாரின் அன்னக்கூடை.

"கல்யாணத்துக்குச் சோறு வடிச்ச பாத்திரம்டி அது!" என்று மாமியார் கத்தினாராம்.

"இதுவும் கல்யாணந்தான் அத்தை. எல்லாரும் வந்து பாருங்க" என்றாராம் அக்கா.

அதன் பின் அந்த அன்னக்கூடை சமையல்கட்டுக்குத் திரும்பவில்லை. வடித்த ஆயிலைக் கொட்டகைக் கால்களுக்குக் கரையான் வராமல் பூச அண்டை வீட்டார் வாங்கிப் போனார்கள்.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. நாள் முழுவதும் பெரிய கப்பல்களுக்கு நடுவே நின்றவர் அவர். ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் இருப்பதைப் பார்த்தவர். போனில் எப்போதும் இதே வழக்குதான்.

"அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்க்கணும். நமக்கு உடம்பு சரியில்லன்னா நாமளேவா ஊசி போட்டுக்கிறோம்?"

"ஊசி போடலன்னா எனக்குத் தெரியும்ங்க. போட்டா வலிக்கும்ல. ஆயில் மாத்தலன்னா வண்டி வாயத் திறந்து சொல்லுமா?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் உண்டென்றே எனக்கு அன்றும் தோன்றியது. எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள ஒரு பிறவி போதாது. ஆனால் கண்ணில் படாத இடத்தில் நடக்கிற வேலையைப் பிறரிடம் விடும்போது, நாம் கொடுப்பது கூலி மட்டும் அல்ல.

அத்தான் முதுகுத்தண்டில் வலியோடு ஊர் திரும்பியபின் வந்த முதல் ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று காலை பழைய ஆயிலை வடித்து, புதியதை ஊற்றி, பிறகு பூஜை போடுவதாக அக்காவின் ஏற்பாடு. வடிந்து முடிவதற்குள் ராகு காலம் நெருங்கிவிட்டது. உள்ளே இலை போட்டாயிற்று. புது ஆயில் கேனை யாரோ எடுத்துப்போய்ப் பொட்டு வைத்து சாமி படத்தின் முன் வைத்துவிட்டார்கள். அக்கா போல்ட்டை மாட்டி முறுக்கி முடித்ததும் ஸ்பேனரும் அங்கேயே போய்விட்டது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள்வரை எடுப்பதில்லை. காலையில் ஊற்றிக்கொள்ளலாம் என்று அக்கா விட்டுவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அந்த வண்டியின் ஆயிலைப் பற்றி யாரிடமும் சொல்லும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.

விஜயதசமிக் காலையில் அக்கா அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போனார். வண்டியைக் கோயில் வாசலுக்கே கொண்டுபோய் அவரை ஏற்றி வரலாம் என்று அத்தானுக்கு ஆசை. சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். ஆயில் இல்லை என்று எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரிந்துதான் இருக்க வேண்டும். அதன் மேல் சாமந்தி மாலை தொங்கியது. வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது கடகடவென்று ஒரு சத்தம். அதோடு வண்டி நின்றது. அசையவே இல்லை.

எதிரே தட்டோடு வந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

"வண்டிய எடுத்தீங்களா? உள்ள ஒரு சொட்டு ஆயில் இல்லைங்க!"

"ஆயில் இல்லாத வண்டிக்கா மாலை போட்ட? இதுக்குத்தான் கடையில விடுன்னு சொன்னேன்."

"கடையில விட்டா அவன் போல்ட்டைத் திறக்க மாட்டேங்கிறான். வீட்ல வச்சா நான் ஊத்துறதுக்குள்ள நீங்க கெளப்பிடுறீங்க. நான் எங்கதான் விடுறது?"

பாலத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அது சம்பா நடவுக் காலம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. தன் வயலோடு இன்னும் சில வீட்டு வயல்களுக்கும் உழவு ஓட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். மழை இறங்கிவிட்டால் எல்லாம் கெட்டுவிடும். என் போனை வாங்கி, நின்றவர்களிடம் தர்மராஜின் எண்ணைக் கேட்டு, தானே பேசினார்.

அன்று அவருடைய பட்டறையிலும் பூஜை. இருந்தும் நெற்றியில் விபூதியோடு பைக்கில் வந்துவிட்டார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துணியில் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"நானாவது பழசை உள்ளயே விட்டு அனுப்பினேன்க்கா."

முதலில் சிரித்தது அக்காதான்.

"அடப்பாவி! அப்ப மாத்தலன்னு இப்பத்தான் ஒத்துக்கிறியா?"

"ஆளு மாத்திட்டேன்னு சொன்னான், நான் நம்பிட்டேன். நீங்க வந்து குனிஞ்சு பாருன்னப்ப, பார்த்தா தெரிஞ்சிடுமேன்னு பயமா இருந்துச்சு. மறுநாளே அவனை வேலையை விட்டு அனுப்பிட்டேன். உங்க முன்னாடி வந்து நிக்கத்தான் தைரியம் வரல."

"வந்திருந்தா திட்டியிருப்பேன். அதோட போயிருக்கும்."

இன்ஜினை இறக்க வேண்டியிருந்தது. உள்ளே பேரிங்குகள் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. சாமான் தஞ்சாவூரிலிருந்து வர வேண்டும். அதுவரை அக்கா கொடுத்த வாக்குக் கெடாமல் இருக்க, தர்மராஜ் தன் வாடிக்கைக்காரர் ஒருவரிடம் பேசி அவருடைய டிராக்டரை அனுப்பினார். எல்லா வயலும் உழுதாயிற்று. மழைக்கு முன் நடவும் முடிந்தது.

அந்த ஐப்பசிக்குப் பிறகு அக்கா பேசும் விதம் கொஞ்சம் மாறியது. "நானே செஞ்சா தப்பு வராதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். யார் செஞ்சா என்ன, இன்னொருத்தர் காதுல போட்டு வைக்கணும்" என்று என்னிடம் சொன்னார். ஆயிலை வடித்தால் உடனே சாவியை எடுத்துப் புது ஆயில் கேனின் மேல் வைத்துவிடுவது அந்த வீட்டில் சட்டமாயிற்று. பெரிய வேலைகளுக்கு வண்டி மறுபடியும் தர்மராஜிடம் போனது. ஆனால் ஆயிலை மட்டும் அக்கா விட்டுக் கொடுக்கவில்லை. மற்ற வேலைகளுக்கும் தர்மராஜின் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, கடைசி போல்ட் முறுக்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார். "அக்கா, எனக்குப் பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்பார் தர்மராஜ். "பாஸ் பண்ணிட்டா சொல்றேன்" என்பார் அக்கா.

பிறகு சிறுநீரகம் பழுதானது. வாரம் இருமுறை டயாலிசிஸ். அதற்காக அக்காவின் இடது கையில் ரத்தக்குழாயை இணைத்து அறுவை செய்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் அழுத்தவோ தூக்கவோ கூடாதென்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற ஒரு கையால் மட்டும் ஸ்பேனரைப் பிடித்து முறுக்க முடியாது. முதுகுவலியால் அத்தானாலும் வண்டிக்கு அடியில் படுக்க முடியாது.

"வித்துடலாம். ஆஸ்பத்திரிக்கு அலையறதா, இதைப் பார்க்கிறதா? தர்மராஜ் மாத்தினாலும் உனக்குத் தூக்கம் வராது. ராத்திரியெல்லாம் பொலம்புவ" என்றார் அத்தான்.

அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது அவர் வழக்கம் அல்ல. அதனால் அவருக்கு எவ்வளவு வலித்தது என்று எங்களுக்குத் தெரிந்தது.

இனி நன்றி சொல்ல வேண்டும். டயாலிசிஸ் பிரிவில் அக்காவைப் பெயர் சொல்லாமல் "டிராக்டர் அம்மா" என்றே அழைத்துச் சிரிக்க வைத்த செவிலியர்களுக்கு நன்றி. மழையிலும் வெயிலிலும் காரில் அழைத்துப்போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கு நன்றி. அக்கா படுத்திருந்த மாதங்களில் நடவையும் களையையும் கேட்காமலே வந்து பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கு நன்றி. வெளியூர் வேலையை விட்டு வந்து தாயின் அருகில் இருந்த மகளுக்கு நாங்கள் நன்றி சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆசி மட்டும் சொல்கிறோம்.

தர்மராஜுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதம். மேட்டூர் திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வரும் நேரம். குறுவைக்கு உழவு தொடங்க வேண்டும். ஆயில் மாற்றும் கெடு தாண்டிவிட்டிருந்தது. அக்காதான் போன் செய்து கூப்பிட்டார். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லாமல் தர்மராஜ் தன் சாமான்களோடு வீட்டுக்கே வந்தார். இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினார். சாக்கை விரித்து அடியில் படுத்தார். அக்காவை நாங்கள் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தோம்.

"அக்கா, நாற்காலியை இந்தப் பக்கம் போடச் சொல்லுங்க. அங்கேருந்து போல்ட் தெரியாது."

அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கக்கா போறீங்க? நான் இன்னும் கழட்டவே இல்ல."

"வெயிலா இருக்கு தம்பி. நான் போய்ப் படுக்கிறேன். நீ பாரு."

உள்ளே போய்விட்டார். அத்தான் போய் அன்னக்கூடையை எடுத்து வந்து தர்மராஜ் பக்கம் நகர்த்தினார்.

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வண்டியைக் கிளப்பிப் பார்த்த சத்தத்துக்கும் எழவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. வெயில் தாழ்ந்தபின் தானாகவே கண் விழித்து, "முடிச்சிட்டானா?" என்று கேட்டார்.

"முடிச்சாச்சுக்கா. போல்ட்டைக் காட்டணும்னு வெளிய நிக்கிறார்."

"வேணாம், காபி குடுத்து அனுப்பு. அத்தானை வண்டிய வயலுக்கு எடுக்கச் சொல்லு. தண்ணி வந்திருக்கும்."

வண்டி போயிற்று. விற்பதைப் பற்றி அத்தான் அதற்குப் பிறகு பேசவில்லை. இந்த ஆண்டுக் குறுவைக்கும் அந்த வண்டிதான் போனது.