கிணற்றில் செத்த பையன்

சீட் கவர்காரரின் கடைக்கு நேர் எதிரே சினிமாத் தியேட்டர். பைக் சீட்டுக்கு ரெக்சின் தைத்துக்கொண்டே தலையைத் தூக்கினால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அவருடைய படமே தெரியும். ஏழு வயதில் எடுத்தது. போன வாரம் மாட்டினார்கள். கறுப்புச் சட்டம், கீழே பூ, அதற்கும் கீழே ஒரு வரி: 'காட்சிக்காக உயிரையே கொடுத்த குழந்தை.'

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சினிமா ஒன்றைப் புதுப்பித்துத் திரையிடப்போகிறார்கள். அதன் கடைசிக் காட்சியில் ஒரு பையன் கிணற்றில் விழுவான், மேலே வரமாட்டான். படப்பிடிப்பில் அவன் நிஜமாகவே செத்துவிட்டான், அந்த அலறலை அப்படியே வைத்துவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரிந்த சேதி. உண்மையில் அங்கே கிணறே கிடையாது. சிமென்ட் தொட்டி, இடுப்பளவுத் தண்ணீர். விழுந்தது வைக்கோல் அடைத்த சட்டை. அலறியது டப்பிங் பேச வந்த ஒரு அம்மாள். பையனாக நடித்த சீட் கவர்காரருக்கு வந்ததெல்லாம் ஜலதோஷம்தான்.

கதையைக் கிளப்பிவிட்டது அவருடைய அக்கா. படம் வந்த புதிதில் பள்ளிக்கூடத்தில் ஆளாளுக்கு "உன் தம்பியைக் காட்டு" என்று நச்சரித்தார்கள். ஒருநாள் "செத்துட்டான்" என்றாள். துக்கம் விசாரிக்க டீச்சர் வீட்டுக்கே வந்தார். வாய் நிறைய பிஸ்கட்டோடு கதவைத் திறந்தது தம்பி. டீச்சர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். கதை அதற்குள் ஊர் தாண்டிவிட்டது. அப்பா அக்காவைப் பெல்ட்டால் அடித்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. புருஷன் போனபிறகு அவள் தம்பி வீட்டு மாடிக்கு வந்தாள். அப்போதும் ஆகவில்லை.

படத்தைக் கழற்றச் சொல்லிச் சீட் கவர்காரர் மேனேஜரிடம் போனார். மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவரே, நான்தான் அந்தப் பையன்னு வர்ற மூணாவது ஆள் நீங்க. முதல்ல வந்தவருக்கு நாப்பது வயசுகூட இருக்காது."

"எங்க அக்காவைக் கூட்டிட்டு வரேன். அவ சொன்னா நம்புவீங்களா?"

"கூட்டிட்டு வாங்க, பார்ப்போம்."

சாட்சி சொல்ல வேறு யாரும் உயிரோடு இல்லை. மாடியேறிப் போய்க் கெஞ்சினார். அக்கா மறுபேச்சு பேசாமல் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அப்போதே அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

"இவர்தானாம்மா அது?" என்றார் மேனேஜர்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவசரமே இல்லை.

"ஜாடை இருக்கு" என்றாள்.

மேனேஜர் சிரித்துவிட்டார். "சரி, ஏதோ தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குவோம். ரெண்டு பாஸ் தரேன், வந்து பாருங்க." அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

நடுத்தெருவில் அவர் வெடித்தார். "என்ன ஜென்மம் நீ? கூடப் பொறந்தவனைக் கொன்னது பத்தலையா உனக்கு?"

"கத்தாதடா. நீ நடிச்சது ஒரே படம். நான் சொன்னது ஒரே கதை. உன் படத்தைவிட என் கதைதான் நல்லா ஓடுது. அதை என் வாயாலேயே பொய்னு சொல்லணுமா? பெல்ட்டடி வாங்கியும் நான் மாத்திச் சொல்லல."

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணு."

"படம் பார்த்துட்டுப் பண்றேன்."

திரையிடும் அன்று அரங்கம் நிறைந்திருந்தது. கலாட்டா செய்தே தீருவது என்று சீட் கவர்காரரும் போய், அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் மேடையேறி, மறைந்த குழந்தைக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். மொத்த அரங்கமும் எழுந்தது. அவர் எழவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு கை அவர் தோளைக் குத்தியது. "யோவ், எழுந்திரு. ஒரு பச்சப்புள்ள செத்திருக்கு. மனுசனா நீ?"

"நான் சாகலய்யா!" என்று கத்தினார்.

"குடிச்சிட்டு வந்திருக்கான்" என்றது ஒரு குரல். "வெளிய தூக்கிப் போடுங்க" என்றது இன்னொன்று. இரண்டு பேர் வந்து அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவர் அக்காவின் முந்தானையை எட்டிப் பிடித்தார்.

அவள் கண்ணை மூடி, தலைகுனிந்து நின்றிருந்தாள். கன்னத்தில் நிஜமாகவே கண்ணீர். கண்ணைத் திறக்காமலே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.