வேப்பமரத்தடியில் எஸ்தர் அத்தை

கோரிப்பாளையம் கடையில் பழைய ஆர்மோனியம் ஒன்றைத் திறந்ததும் எழுந்த தோல் வாசனை, இப்போது வீடுகளாகிவிட்ட வில்லாபுரம் வயல்களுக்கு நடுவே என் எட்டு வயதில் நின்ற சிறிய ஆலயத்துக்கு என்னை இழுத்துப்போனது. அங்கே எஸ்தர் அத்தை நடவுப்பாட்டு மெட்டில் தானே கட்டிய இயேசு பாடல்களை ஞாயிறுதோறும் தன் ஆர்மோனியத்தை வாசித்துப் பாடுவார்.

“வயக்காட்டு மெட்டெல்லாம் ஆலயத்துக்குள்ள வேணாம்மா,” என்றார் சபை மூப்பர்.

“நாத்து நடுறவுக ஜெபத்தக் கேக்குற ஆண்டவரு, அவுக மெட்டையும் கேப்பாருண்ணே.”

அத்தை ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பாடினார். வயலில் நின்ற பெண்கள் சேற்றுக்காலோடு வரப்பேறி வந்து சேர்ந்து பாடினார்கள். வாராவாரம் கூட்டம் பெருகியது. கடைசியில் மூப்பரே வந்து உள்ளே பாடக் கூப்பிட்டார்.

அத்தை எழுந்திருக்கவில்லை.

“இம்புட்டுப் பேருக்கு உள்ள எடம் பத்தாதுண்ணே. நீங்க இங்கிட்டு வந்து உக்காருங்க.”