சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்தது நான்தான்

நான் கொடுத்த ஒரு சிவப்பு ஸ்டிக்கரால் என் தோழியின் மகளுக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்திருக்கும். பதினெட்டு வயது, காலேஜில் முதல் வருஷம், நன்றாகப் படிக்கிற பெண். என் பேரில் உள்ள தப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாக வேலை செய்கிறேன். இப்போது செக்கிங் டேபிள். ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து என்னிடம் அனுப்புவார்கள். லைட்டுக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவேன். தையல் விலகியிருந்தால் மஞ்சள். அது வேறு டேபிளுக்குப் போய்ச் சரியாகித் திரும்பி வரும். தோலே வெடித்திருந்தால் சிவப்பு. சிவப்பு ஒட்டியதை யாரும் எடுத்துப்போய் விற்றுவிடக் கூடாது என்று, கத்தியால் குறுக்கே கீறி மூட்டையில் போட்டுவிடுவார்கள். என் தோழி மூன்றாவது லைனில் தையல் மிஷின் ஓட்டுகிறாள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. இருப்பது அந்த ஒரே மகள்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க வேலூரிலிருந்து நர்ஸ் கம்பெனிக்கே வரப்போகிறார் என்று நான் சொன்னதும் சாப்பாட்டு ஹாலில் ஒரே ரகளை. அதே வாரம் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து, இந்த நோய் வராமல் இருக்க ஊசி போடலாமா என்று கேட்டுக் கடுதாசியும் வந்திருந்தது. எட்டாவது படிக்கிறாள். நான் வாய் சும்மா இராமல் அதையும் சொல்லிவிட்டேன்.

"எனக்குத்தான் ஒரு வலியும் இல்லியே, இன்னாத்துக்குப் போய்க் காட்டணும்?" என்றாள் ஒருத்தி.

"கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு இந்த ஊசி எதுக்கு? நாலு பேர் இன்னா பேசுவாங்க?" என்றாள் இன்னொருத்தி.

என் தோழி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "அந்த ஊசி போட்டா பின்னாடி புள்ளயே தங்காதாம்டி. போன்ல வந்துச்சு" என்றாள்.

"யார் அனுப்புனா?"

"எங்க நாத்தனாரு."

"உங்க நாத்தனாரு எந்த ஆஸ்பத்திரில டாக்டரு?"

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எனக்கு வாய் ஜாஸ்தி. அந்தச் சிரிப்பிலேயே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் கேட்டதில் தப்பொன்றும் இல்லை. உடம்பு அவர்களுடையது, பிள்ளை அவர்களுடையது. கேட்கத்தான் செய்வார்கள். அதனால் நர்ஸ் வந்த அன்றைக்கு முதல் வேலையாக அவரை ஹாலிலேயே நிறுத்தி, அத்தனை கேள்வியையும் நானே கேட்டேன். உருதும் தமிழும் கலந்து பேசுகிற அம்மா அவர். நிதானமாகச் சொன்னார்.

"இந்த நோய வரவைக்கிற கிருமி புருஷன் பொஞ்சாதி சேர்றதுல வர்றது. அதனாலதான் அதுக்கு முன்னாடியே, சின்ன வயசுலயே ஊசி போடச் சொல்றோம். அம்மைக்குப் போடலியா, அது மாதிரிதான். அதனால புள்ள பொறக்காமப் போவாது. உங்களுக்கெல்லாம் இப்ப இந்தச் சோதனைதான் முக்கியம். வலி வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா ரொம்ப லேட்டு."

என் மகளுக்கு ஊசி போட்டாயிற்று. கை வலிக்கிறது என்று ஒரு நாள் முழுக்க என்னை உட்காரவிடாமல் வேலை வாங்கினாள், அவ்வளவுதான்.

கம்பெனியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அறையைக் காலி செய்து, ஜன்னலுக்கெல்லாம் பெட்ஷீட் கட்டினோம். முதலில் நான் போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஐந்து நிமிஷம். நர்ஸ் ஏதோ ஒரு தண்ணியைத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்து என் தோழியின் கையைப் பிடித்து இழுத்தேன். "போடி. நீ போனாத்தான் உன் லைன்காரிங்க வருவாளுங்க." அவள் முனகிக்கொண்டே போனாள். நான் சொன்னது போலவே அவள் பின்னால் லைனே வந்தது.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் செய்தேன். சோதனை முடிந்த ஒவ்வொருவருக்கும் நர்ஸ் ஒரு சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மறுபடி வேலூருக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டியவர்களின் சீட்டு மற்றதோடு கலந்துவிடுமோ என்று அவருக்குக் கவலை. "கண்ணுல படற மாதிரி ஏதாவது வேணுமே" என்றார். என் ஏப்ரன் பாக்கெட்டில் இரண்டு ரோலும் இருந்தன. மஞ்சள் ரோலையும் சிவப்பு ரோலையும் எடுத்தேன். மஞ்சள் வெள்ளைத் தாளில் எடுப்பாகத் தெரியாது என்று சிவப்பைக் கொடுத்தேன். நர்ஸுக்கு அது வெறும் நிறம். எனக்கு எங்கே போயிற்று அறிவு? தினமும் கையில் வைத்திருக்கிற நானே யோசிக்கவில்லை.

நான்கு பேருடைய சீட்டில் சிவப்பு விழுந்தது. யார் யார் என்று நர்ஸ் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து நர்ஸ் எனக்குப் போன் செய்தார். "நாலு பேர்ல ஒருத்தரும் வரலம்மா. நான் போன் பண்ணா கட் பண்றாங்க. யாருன்னு நான் சொல்லக் கூடாது. நீங்க பொதுவா எல்லார்கிட்டயும் கொஞ்சம் சொல்லுங்களேன்." எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வரவழைத்தால், போகாமல் உட்கார்ந்திருக்கிறார்களே என்று.

அதே நாள் டீ நேரத்தில் என் தோழி மெதுவாக, "ஞாயித்துக்கெழம எம்பொண்ணப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீயும் வா" என்றாள். மாப்பிள்ளை அவள் நாத்தனார் கொண்டுவந்த இடமாம். குடியாத்தத்தில் லுங்கிக் கடை.

"பைத்தியமாடி உனக்கு? காலேஜ் சேந்து ஒரு வருஷம்கூட ஆவல!"

"நல்ல எடம்."

"நல்ல எடம் எங்கயும் ஓடிப் போவாது. டிகிரி முடிக்காம அவள அனுப்ப மாட்டேன்னு எங்கிட்ட எத்தினி தடவ சொல்லியிருப்ப? மானங்கெட்டவளே, வாக்குன்னு ஒண்ணு இல்ல உனக்கு?"

நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போனாள்.

"நான் போய்ட்டா அவளுக்கு யார்டி இருக்காங்க? அதுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டா நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

"எங்க போற நீ?"

"செவப்பு ஒட்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியாதா? தெனம் நீதானே ஒட்ற?"

ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். நர்ஸ் அன்றைக்கு எல்லாவற்றையும் விளக்கித்தான் சொல்லியிருக்கிறார். "அந்தம்மா இன்னான்னாவோ சொன்னாங்க, எதுவும் காதுல ஏறல. செவப்பத்தான் பாத்தேன்" என்றாள். இரண்டு மாசமாக யாரிடமும் சொல்லாமல், தினம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது சரி பண்ண வேண்டியதுடி. மஞ்சள்! மஞ்சள் குடுத்திருக்கணும், நான்தான் எருமை மாதிரி செவப்பக் குடுத்துட்டேன். நர்ஸுக்கு நம்ம கணக்குத் தெரியாது." அவள் நம்பவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று நர்ஸுக்கே போன் போட்டு அவள் காதில் வைத்தேன். கேட்டுக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நான் சாப்பாட்டு ஹாலுக்குப் போய் நாற்காலி மேல் ஏறி நின்று, சிவப்பு ஸ்டிக்கர் என் தப்பு, அது ரிஜெக்ட் இல்லை, தயவுசெய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கத்தினேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தனித்தனியாக என் டேபிளுக்கு வந்து, எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார்கள்.

சனிக்கிழமை அவளோடு நானும் லீவு போட்டு வேலூர் போனேன். பஸ்ஸில் அவள், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களுக்குக் கேசரிக்கு ரவை வாங்கி வைத்துவிட்டதாக மட்டும் சொன்னாள். டாக்டரம்மா உள்ளே கூப்பிட்டார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சோதனை பற்றி ஊருக்கெல்லாம் அடித்துப் பேசினவள்தான், ஆனாலும் அந்தக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு ஏதாவது என்றால் அந்த இரண்டு மாசம் என் தலையில்தான்.

அரை மணி நேரத்தில் கதவு திறந்தது. டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டுச் சொன்னார். "புத்துநோய் இல்லம்மா. விட்டிருந்தா சில வருஷத்துல அப்படி மாறியிருக்கலாம். அந்த எடத்துக்கு மட்டும் சூடு குடுத்து எடுத்துட்டோம். ஒரு வருஷம் கழிச்சு வந்து மறுபடி காட்டணும்."

"அவ்ளோதானா?" என்றாள் என் தோழி.

"அவ்ளோதான்."

வெளியே வந்ததும் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "பாவி! பத்து நிமிஷ வேலைக்கு ரெண்டு மாசம் என்னச் சாவடிச்சியேடி!" என்றாள். அடுத்த நொடியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். போகிற வருகிறவர்கள் யாரோ இறந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாத்தனாருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு அவங்கள வர வேணாம்னு சொல்லிடு" என்றாள். அந்தப் பக்கம் பெரிய சத்தம் கேட்டது. பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"ஆமா, அவ படிக்கட்டும். பாத்துக்க நான் இருக்கேன்ல."