ரீட்டா ஜன்னலில் வைத்த சிவப்பு விளக்குகள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாகக் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிற நான், 2006 அக்டோபர் 31 மாலை, ஜெர்மனியில், பேய் வேஷம் போட்ட மூன்று பொடிசுகளுக்குப் பயந்து சோபாவுக்குப் பின்னால் குத்தவைத்திருந்தேன். தொப்பை வெளியே தெரிந்ததாகத் தங்கை ரீட்டா சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அவள் வீடு வால்டோர்ஃபில். மாப்பிள்ளைக்கு அங்கே சாஃப்ட்வேர் வேலை. மே மாதம் தூத்துக்குடியில் அப்பா இறந்தபோது அவளுக்கு நிறைமாதம், விமானம் ஏற முடியவில்லை. குழந்தையைப் பார்க்கத்தான் போனேன். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், இருபது யூரோவுக்குள். அமைதியான ஊர். பேச ஆளில்லாமல் என் வாய்க்குத்தான் பட்டினி.

பிள்ளைகள் பேய் வேஷத்தில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் சாத்தானின் திருநாள், கதவைத் திறக்கக்கூடாது என்று ரீட்டா உத்தரவு போட்டிருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்தின இரவுதான் இது, பெயரே அதிலிருந்துதான் வந்தது, பழைய அறுவடைச் சடங்குகளும் கலந்தன என்பார்கள், உயிர்ப்பை நம்புகிறவன் சாவைக் கேலி செய்தால் என்ன தப்பு என்று வகுப்பெடுத்தேன்.

"ஒனக்குச் சாவு கேலியா இருக்காண்ணா? நான் அப்பா முகத்தக்கூடப் பாக்கல."

வகுப்பு முடிந்தது. வாசல் மணி அடித்ததும் சோபாவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

பேய் அண்டாமலிருக்க, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய நாலு சிவப்பு விளக்குகளை ஜன்னலில் ஏற்றினாள். மூடியில் சிலுவை இருந்ததில் அவளுக்குப் பரம திருப்தி. ஆனால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துச் சிலிர்த்துப்போய் நின்றார்கள். கடைசியில் பக்கத்துவீட்டு ஹெல்கா அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து விஷயத்தை உடைத்தார். அவை கல்லறையில் வைக்கும் விளக்குகளாம். தெருவிலேயே பயங்கரமான வீடு எங்களுடையதுதானாம்.

ரீட்டா சிரிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டாள்.

மறுநாள் விடுமுறை. தள்ளுவண்டியில் குழந்தை, அதன் காலடியில் விளக்குகள், ஒன்றரை கிலோமீட்டர் நடை. அங்கே, நம்மூர்க் கல்லறைத் திருநாள் போலவே, திரும்பிய பக்கமெல்லாம் சிவப்பு வெளிச்சம். ஒரே ஒரு கல்லறை மட்டும் இருட்டாகக் கிடந்தது. பாவம், யாருமில்லாத மனுஷன் போல என்று நாலையும் அங்கேயே வைத்து மண்டியிட்டாள்.

"அப்பாவுக்குத்தாண்ணா வச்சேன். இவரு கொண்டு சேத்துருவாரு."

ஐந்து மாதமாக அழாதவள் அழுது முடித்தாள். நானும்தான்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் தேதி அங்கே கடை கிடையாது, விளக்கை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். ஒரு யூரோகூட ஆகாது. அந்தி சாயும்போது போங்கள். ஹாலோவீனைத் திட்டுகிறவர்கள் கட்டாயம் போங்கள்.

திரும்பியதும் ஹெல்கா அம்மாளிடம் அந்தக் கல்லில் இருந்த பெயரைச் சொன்னோம். தனக்கென்று இடத்தை முன்கூட்டியே வாங்கிக் கல்லும் நட்டுவைத்தவராம். போன வாரம்கூட சைக்கிளில் ரொட்டி வாங்கப் போனாராம்.