இரண்டு கியரும் மூன்று பெட்டியும்

பேருந்து இரண்டாவது கியருக்கு மாறும்போது பூங்கொடி பேச்சை நிறுத்திவிடுவார். தலை லேசாகச் சாயும். "பேரிங்கு அழுவுது. ரெண்டு மாசம் தாங்குனா பெருசு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். ஓசூரிலிருந்து சூளகிரி போவதற்குள் இப்படி நாலு தடவை. பக்கத்தில் இருப்பவர்கள் இறங்கி அடுத்த பஸ் பிடிக்கலாமா என்று பார்ப்பார்கள்; அவருக்கு அது பொழுதுபோக்கு.

சொந்த ஊர் பர்கூர். வயது முப்பத்தெட்டு. ஓசூரில் கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சத்தம் கேட்பதுதான் வேலை. வெளிச்சத்தம் புகாத சின்ன அறையில் கியர்பாக்ஸை ஓடவிடுவார்கள். காது கொடுத்துக் கேட்டு 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரும் உண்டு. கம்ப்யூட்டர் சரி என்றதை இவர் தப்பு என்று சொல்லி, பிரித்துப் பார்த்ததில் இவர் ஜெயித்த கதைகள் ஷிப்டுக்கு ஒன்று கிடைக்கும். அதில் பாதி இவரே சொன்னவை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிட்டார். எங்கள் கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் ஆறு பேர். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் மைக் பிடித்து அறிவிப்பவன் நான். பூங்கொடியின் காலடியில் 'மாடலர்' என்றொரு பெடல் பெட்டி இருக்கும். பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்களின் குரலையெல்லாம் அதுவே உண்டாக்கித் தந்துவிடும். அதற்குத் தோதாக, தன் பங்குக்கு எதையும் சேர்க்காமல் வாங்கியதை வாங்கியபடி வெளியே விடுகிற பவர் ஸ்பீக்கர் ஒன்று வேண்டும். "கொழம்பு தாளிச்சாச்சு. பரிமாறுறவன் இன்னொருக்கா உப்பு போடக்கூடாது, அவ்ளோதான்" என்பார்.

அப்படிப்பட்ட காதுக்காரர் முதல் ஸ்பீக்கரில் ஏமாந்தார் என்றால் நம்புவீர்களா? தொழிற்சாலைப் பழக்கத்தில் கடைக் கதவைச் சாத்தச் சொல்லி, ஃபேனை நிறுத்தச் சொல்லி, ஊசி விழுந்தால் கேட்கும் அமைதியில் வாசித்துப் பார்த்து வாங்கினார். தேனாக இருந்தது. மண்டபத்தில் ஜெனரேட்டரும், பந்திக்கு ஓடும் கூட்டமும், டிரம்மும் சேர்ந்ததும் அந்தத் தேன் கஞ்சியாகிவிட்டது. மூன்று கல்யாணம் பொறுத்த பிறகு, கீபோர்டு வாசிக்கும் எங்கள் தலைவர் கங்கப்பன் வாய் திறந்தார்.

"குருபரப்பள்ளி ரிசப்சன் வரைக்கும் பாக்கறன்மா. அதுலயும் கொழகொழன்னே இருந்துச்சுன்னா, கிட்டார் பிட்ட நானே கீபோர்டுல போட்டுக்கறன். நீ தப்பா நெனைக்காத."

பூங்கொடி தப்பாக நினைக்கவில்லை. வீட்டுக்குப் போய் அழுதார் என்று பிறகு தெரிந்தது. வாரம் முழுக்க இரும்பின் சத்தத்தைக் கேட்கிறவருக்கு அந்த ஒரு நாள்தான் தன் சத்தம்.

மறு வாரம், பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹரீஷ்குமாரின் ஸ்பீக்கர் கடைக்குப் போனார். கிட்டாரோடு ஒரு செல்போனும் கொண்டுவந்திருந்தார். பர்கூரில் பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் சொல்லி அதில் இரண்டு ஆட்டோ கியர்பாக்ஸின் சத்தத்தைப் பதிந்து வாங்கியிருந்தார். ஒன்று நல்லது; ஒன்று பல் போனது.

"அக்கா, கிட்டாருக்குத்தான பொட்டி?" என்றார் ஹரீஷ்குமார்.

"கிட்டார வாசிச்சா எனக்கு ஆசை வந்துருது தம்பி. ஆசை வந்தா காது கெட்டுப்போவுது. நீ இதப் போடு. ஷட்டர முழுசாத் தூக்கி வுடு."

முதல் பெட்டி பளபளப்பாக, அடிவயிறு அதிரப் பேசியது. இரண்டு கியரும் அதில் ஒன்றுபோலவே கேட்டன. "கெட்டதையும் நல்லதுன்னுது. ரிஜெக்ட்." இரண்டாவது, நல்ல கியரைக்கூடக் கீச்சென்று கத்த வைத்தது. "நல்லதையே கொற சொல்லுது. எங்க சூப்பர்வைசரு மாதிரி. ரிஜெக்ட்." மூன்றாவது சின்னது, அழகு கிடையாது, மூலையில் சிராய்ப்பு வேறு. அதைக் கடை வாசலில் தெருவைப் பார்த்து வைக்கச் சொல்லிவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய் நின்றார். நடுவில் பெங்களூரு பஸ்களின் ஹாரன் காதைக் கிழித்தது. அங்கிருந்தே கையை ஆட்டினார். ஹரீஷ்குமார், தலையெழுத்தே என்று, பல் போன கியரைப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கடை வாசலைக் கடந்த ஆட்டோ ஒன்று சடாரென்று நின்றது. ஓட்டுநர் இறங்கி, பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். தெலுங்கில் வண்டியைத் திட்டினார். திரும்பி வந்து இன்ஜினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. அணைத்த வண்டியில் கியர் சுற்றுவதைக் கேட்டு அவர் முழித்த முழி இருக்கிறதே, டீக்கடையே சிரித்தது. பூங்கொடி டீயை வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினார்.

"அண்ணா, உங்க வண்டி நல்லாத்தான் இருக்குது! இந்தப் பொட்டிண்ணா, பொட்டி!"

ஓட்டுநர் பெட்டியைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ அந்த ஸ்பீக்கர் முன்னால் குந்தி உட்கார்ந்து காதை வைத்தார். "பல்லு போயிருக்குதும்மா. சீக்கிரம் மாத்திடு" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"இதுக்கு மேல என்னா சர்டிபிகேட்டு வேணும்? கட்டு தம்பி" என்றார் பூங்கொடி. "கிட்டார் ஒருவாட்டி வாசிச்சுப் பாத்துட்டாவது போங்கக்கா" என்று ஹரீஷ்குமார் கெஞ்சியதால், போனால் போகிறதென்று நாலு சுரம் வாசித்தார். எனக்கு அப்போதே நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவர் முகத்தைச் சொல்லவே வேண்டாம்.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோர மண்டபம். தகரக்கூரை. பெண் வீடு தெலுங்கு, மாப்பிள்ளை வீடு கன்னடம், சமையல் சேலம். மூன்று மொழியிலும் இரைச்சல். பூங்கொடி அந்தச் சின்னப் பெட்டியைத் தன் காலடியில், முகம் தன்னைப் பார்க்கச் சாய்த்து வைத்துக்கொண்டார். கங்கப்பன் கீபோர்டில் கிட்டார் டோனைத் தயாராக வைத்திருந்ததை நான் பார்த்தேன். பூங்கொடியும் பார்த்தார்.

நாலாவதாக ஒரு கன்னடப் பாட்டு. நடுவில் கிட்டார் தனியாக வரும் இடம். கங்கப்பனின் விரல்கள் முதல் இரண்டு சுரத்துக்குக் கூடவே போயின. பிறகு நின்றன. அவ்வளவு இரைச்சலிலும் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. பந்திக்கு எழுந்த இரண்டு பேர் திரும்பி உட்கார்ந்தார்கள். கங்கப்பன் கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகக் கேட்பதற்காகக் கழுத்தை நீட்டினார்.

பூங்கொடி அதைக் கவனித்தார். ஒரு சுரமும் பிசகாமல் வாசித்துக்கொண்டே, தன்னைப் பார்த்திருந்த பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளி, கங்கப்பன் பக்கமாகத் திருப்பிவிட்டார்.